செடி வாடினால் உடனே மோட்டாரைப் போடலாமா?

உச்சி வெயிலில் தக்காளிச் செடி தலை கவிழ்ந்து நிற்பதைப் பார்த்ததும் நம் கை மோட்டார் சுவிட்சைத்தான் தேடும். மண் காய்ந்து கிடந்தால் அது சரியான வேலைதான். ஆனால், வயலாய்வுக்குப் போகும் இடங்களில் 'எவ்வளவு பாய்ச்சினாலும் வாடுது சார்' என்று காட்டப்படும் தோட்டங்கள் பலவற்றில், செடிக்கு அடியில் அரை அடி தோண்டினால் மண் சொதசொதவென்று இருக்கிறது. அந்தச் செடி தண்ணீர் இல்லாமல் வாடவில்லை. பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் எடுத்துக்கொள்ள முடியாமல் வாடுகிறது. அதற்கு மேலும் பாய்ச்சினால் மின்சாரமும் தண்ணீரும் வீணாவதோடு, பிழைத்திருக்க வேண்டிய செடியும் போய்விடும்.

செடி தண்ணீரை எப்படி எடுக்கிறது, எப்படி மேலே கொண்டுபோகிறது, எப்படி வெளியே விடுகிறது என்பது தெரிந்தால், வாடலுக்குக் காரணம் இந்த மூன்றில் எங்கே இருக்கிறது என்று நீங்களே வயலில் நின்று கண்டுபிடித்துவிடலாம்.

மோட்டார் இருப்பது இலையில்

தண்ணீரை வேர்தான் மேலே தள்ளிவிடுகிறது என்றே பலரும் நினைக்கிறோம். பகல் நேரத்தில் நடப்பது அதுவல்ல. இலைதான் இழுக்கிறது.

இலையில், குறிப்பாக அதன் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உள்ளன. ஒரு சதுர சென்டிமீட்டரில் பல ஆயிரம் துளைகள் இருக்கும். இவற்றை இலைத்துளைகள் என்கிறோம். காற்றில் உள்ள கரியமில வாயுவை உள்ளே எடுப்பதற்காகச் செடி இவற்றைப் பகலில் திறக்கிறது. திறந்த கதவு வழியாக உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறுகிறது. இலையில் ஈரம் குறைந்ததும் அது நரம்பிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. நரம்பு தண்டிலிருந்தும், தண்டு வேரிலிருந்தும், வேர் மண்ணிலிருந்தும் இழுக்கின்றன. கிணற்றுக் கயிற்றை மேலே இழுத்தால் அடியில் இருக்கும் வாளியும் சேர்ந்து வருவதைப் போல, இலையிலிருந்து வேர் வரை தண்ணீர் ஒரே இழையாக நிற்கிறது. தண்ணீருக்கு ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் குணம் உண்டு. நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டவைத்துப் பிரித்துப் பாருங்கள், அந்தப் பிடிப்பு தெரியும். டிக்சன், ஜோலி என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1894-ஆம் ஆண்டிலேயே இதை விளக்கிவிட்டார்கள்.

கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் 25 அடிக்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் உறிஞ்சத் திணறும். மோட்டாரையும் கீழே இறக்குகிறோம். ஆனால், 60, 70 அடி தென்னை எந்த மோட்டாரும் இல்லாமல் உச்சி மட்டைக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. தண்டுக்குள் இருக்கும் சைலம் என்ற குழாய்கள் தலைமுடி அளவுக்குச் சிறியவை என்பதால் தண்ணீர் இழை அறுந்து விழாமல் நிற்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கும் மோட்டாருக்கு வரும் அதே தொல்லை உண்டு. ஃபுட்வால்வில் காற்று இழுத்தால் 'ஏர் பிடித்துவிட்டது' என்கிறோம் அல்லவா? மண் மிகவும் காய்ந்து, மேலே வெயிலும் காற்றும் பலமாக இழுக்கும்போது செடியின் குழாயிலும் காற்றுக் குமிழ் புகுந்து தண்ணீர் இழை அறுந்துவிடும். அப்படி அறுந்த குழாய்கள் சில பயிர்களில் இரவில் மீண்டும் நிரம்பும், எல்லாவற்றிலும் நிரம்புவதில்லை. கடுமையாகக் காய்ந்த செடிக்குத் தண்ணீர் விட்டும் சில கிளைகள் மட்டும் நிமிராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். சம்பங்கி, கிளாடியோலஸ் போன்ற பூக்களைத் தண்டோடு அறுவடை செய்து அனுப்புபவர்கள், தண்டின் அடிப்பகுதியை வாளித் தண்ணீருக்குள் வைத்து இன்னொரு முறை வெட்டினால் பூ கூடுதல் நாள் நிற்பதும் இதனால்தான். குழாய்க்குள் புகுந்த காற்று வெட்டுப்பட்ட துண்டோடு போய்விடுகிறது.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. மா, வேம்பு போன்ற மரங்கள் தண்டு பருக்கும்போது புதிய குழாய்களை உருவாக்கிக்கொள்கின்றன. தென்னைக்கு அந்த வசதி இல்லை. தண்டின் ஒரு பகுதி உருவானபோது அமைந்த குழாய்கள்தான் அந்த மரத்தின் ஆயுள் முழுக்க அங்கே வேலை செய்ய வேண்டும். தண்டில் படி வெட்டுவதும், கம்பி கட்ட ஆணி அடிப்பதும் ஆறாத காயங்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆவியாகப் போவது அத்தனையும் வீணா?

செடி உறிஞ்சும் ஒவ்வொரு 100 லிட்டரிலும் 95 லிட்டருக்கு மேல் ஆவியாகத்தான் போகிறது. செடியின் உடலில் தங்குவது மிகச் சொற்பம். கேட்கும்போது வீண் செலவாகத் தோன்றும். ஆனால், மண்பானை கசிந்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிரவைப்பதைப் போல இந்த ஆவிதான் இலையை வெயிலில் பொசுங்காமல் காக்கிறது. மண்ணில் கரைந்திருக்கும் சத்துகள் மேலே ஏறுவதும் இந்த ஓட்டத்தோடுதான்.

தக்காளிக் காயின் அடிப்பகுதி கருத்து, தோல்போல் காய்ந்து அமுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சாண நோய் என்று நினைத்து மருந்து வாங்கி அடிப்பவர்கள் ஏராளம். மருந்துச் செலவுதான் மிச்சம். அது சுண்ணாம்புச் சத்து காயின் நுனிக்குப் போய்ச் சேராததால் வருவது. சுண்ணாம்புச் சத்து நீரோட்டத்தோடு மட்டுமே பயணம் செய்யும். இலை அதிகமாக ஆவியாக்குவதால் அங்கே நிறையப் போகிறது. காய் குறைவாக ஆவியாக்குவதால் அதற்குக் கிடைப்பது கொஞ்சம்தான். ஐந்தாறு நாள் காயப்போட்டு, பிறகு வெள்ளமாகப் பாய்ச்சினால் அந்தக் கொஞ்சமும் தடைபடும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கும் நிலத்திலும் இது வருகிறது. ஈரத்தை ஒரே சீராக வைத்திருப்பதுதான் முதல் மருந்து. உடனடித் தேவைக்குக் கால்சியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 5 கிராம் கலந்து, காய்கள் நனையும்படி மாலையில் தெளிக்கலாம்.

எவ்வளவு தண்ணீர் போகிறது என்று ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் என்பது சுமார் 4,000 லிட்டர். கோடையில் நிலத்தை முழுதாக மூடி நிற்கும் பயிர் ஒரு நாளில் 6 மில்லிமீட்டர் செலவழித்தால் அது 24,000 லிட்டர். மண்ணிலிருந்து நேரடியாக ஆவியாவதும் இதில் அடக்கம். இந்த அளவைத் தீர்மானிப்பது வெயில் மட்டும் அல்ல. வெப்பம் 10 டிகிரி கூடினால் காற்றுக்குப் பிடிக்கும் ஈரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அந்த அளவுக்கு அது இலையிலிருந்து உறிஞ்சும். காற்று வீசினால் இலையைச் சுற்றி நிற்கும் ஈரப்படலம் அடித்துச் செல்லப்பட்டு ஆவியாவது வேகமெடுக்கும். உடுமலை, பல்லடம் பகுதிகளில் ஆடிக் காற்று காலத்தில் வானம் மூடியிருந்தாலும் பயிர் காய்வதை அங்குள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்குப் பக்க வரப்பில் இரண்டு, மூன்று வரிசை அகத்தி அல்லது சோளம் விதைத்தால் உள்ளே இருக்கும் காய்கறிக்குத் தண்ணீர்த் தேவை குறையும்.

செடி தானே கதவை மூடும். அதற்கும் விலை உண்டு

இலை இழுக்கும் வேகத்துக்கு வேரால் கொடுக்க முடியாமல் போகும்போது, செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. நடுப்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பல பயிர்களில் இது நடக்கும். அப்போதும் சமாளிக்க முடியாவிட்டால் இலை தளர்ந்து தொங்கும். தொங்கும் இலையில் வெயில் நேராக விழுவதில்லை என்பதால், அதுவும் ஒருவகைத் தற்காப்புதான்.

மாலை 5, 6 மணிக்குத் தானாக நிமிர்ந்துவிட்டால் அவசரம் இல்லை. ஆனால், 'தானா நிமிர்ந்துடுது' என்று தினமும் விட்டுவிடவும் கூடாது. கதவு மூடியிருக்கும் நேரத்தில் கரியமில வாயு உள்ளே வராது. உணவு தயாரிப்பு நின்றுவிடும். பூக்கும், காய் பிடிக்கும் பருவத்தில் தினமும் மூன்று, நான்கு மணி நேரம் இப்படி நின்றால் மகசூலில் அது தெரியும். (கற்றாழை, அன்னாசி, இப்போது பரவலாகிவரும் டிராகன் பழம் ஆகியவை இதற்கு விதிவிலக்கு. அவை இரவில் கதவைத் திறந்து வாயுவைச் சேமித்துக்கொண்டு பகலில் மூடிக்கொள்பவை. அதனால்தான் அவற்றுக்குக் குறைந்த தண்ணீர் போதும்.)

இந்தத் துளைகளைத் திறந்து மூடும் வேலைக்குச் செடி பயன்படுத்துவது சாம்பல் சத்து. யூரியாவைத் தாராளமாகப் போட்டுப் பொட்டாஷைக் குறைக்கும் வயல்களில் செடி கருகருவென்று வளர்ந்திருக்கும். வறட்சி வந்தால் முதலில் வாடுவதும் அதுதான். மானாவாரி நிலக்கடலை, பயறு வகைகள் வறட்சியில் சிக்கும்போது, லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கலந்து மாலையில் தெளிக்கலாம். கயோலின் என்ற வெண்களிமண் தூளை லிட்டருக்கு 30 கிராம் கலந்து தெளித்தால் இலைமீது வெள்ளைப் பூச்சாகப் படிந்து வெயிலைத் திருப்பி அனுப்பும். பறிக்கும் நிலையில் காய் இருக்கும் தோட்டத்தில் கயோலின் வேண்டாம். காயில் வெள்ளையாகப் படிந்தால் சந்தையில் விலையைக் குறைப்பார்கள்.

ஈரம் இருந்தும் வேரால் எடுக்க முடியாதபோது

தண்ணீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு, வேர் நுனிக்குச் சற்று மேலே பஞ்சுபோல் இருக்கும் வேர்த்தூவிகளுக்கு உண்டு. சில நாட்களே வாழும் இவை வேர் வளர வளரப் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். நாற்றைப் பிடுங்கும்போது அறுபடுவது இவைதான். நட்ட நாற்று இரண்டு, மூன்று நாள் துவண்டு நிற்பதற்கு அதுவே காரணம். குழித்தட்டு நாற்று மண் கட்டியோடு வருவதால் சீக்கிரம் நிமிர்கிறது. எந்த நாற்றானாலும் மாலையில் நட்டு உடனே தண்ணீர் விடுங்கள். வேர் பிடிக்க ஓர் இரவு அவகாசம் கிடைக்கும்.

வேருக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். இதைத்தான் நாம் அடிக்கடி மறக்கிறோம். மண்ணின் சந்துகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் அங்கே இருந்த காற்று வெளியேறிவிடுகிறது. பிராணவாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். மூச்சு முட்டிய வேர் தண்ணீரை உள்ளே விடும் வாசல்களை மூடிக்கொள்கிறது. தக்காளி, மிளகாய், பப்பாளி போன்றவற்றில் ஓரிரு நாள் தண்ணீர் தேங்கினாலே இது நடந்துவிடும். மேலே இலை வாடுகிறது. பார்ப்பவருக்கு வறட்சி போலவே தெரியும். மீண்டும் பாய்ச்சினால் மிச்சமிருக்கும் வேரும் அழுகும். நெல் மட்டும் எப்படித் தண்ணீரில் நிற்கிறது என்று கேட்கலாம். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று இறங்கிப் போகும் வழிகள் உண்டு. காய்கறிகளுக்கு அது இல்லை.

களிமண் பாங்கான நிலத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து நடுவதும், வடிகால் எடுப்பதும் மழைக்காலத்துக்கு மட்டுமான வேலை அல்ல. தண்ணீர் தேங்கி வாடிய செடிக்கு, முதலில் வடித்துவிட்டு மேல்மண் சற்று உலர்ந்ததும் லேசாகக் கொத்திவிடுங்கள். வேர் மீளும் வரை மண்ணில் உரம் போட வேண்டாம். நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் இலைவழியாகக் கொடுக்கலாம்.

அடுத்தது உப்பு. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைத்தால் சற்று நேரத்தில் மாங்காய் நீர் விடுகிறது. உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் போகும் என்பதுதான் விதி. போர் தண்ணீர் உப்பாக இருந்தாலோ, யூரியாவைத் தண்டை ஒட்டிக் கொட்டினாலோ, வேரைச் சுற்றியுள்ள நீர் உப்புக் கரைசலாகி வேருக்குள் வர மறுக்கும். மிஞ்சிப்போனால் வேரில் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கும். உரம் வைத்த மறுநாள் செடி வாடி இலை ஓரம் கருகினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த ஓரிடத்தில் மட்டும், மண் ஈரமாக இருந்தாலும் தண்ணீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்குவதுதான் தீர்வு. வடிகால் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உப்புத் தண்ணீரைச் சொட்டுநீரில் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: உப்பு ஈரவட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும். லேசான தூறல் வந்தால் அது கரைந்து வேர்ப்பகுதிக்குள் இறங்கும். 'மழை வருதே' என்று அப்போது சொட்டுநீரை நிறுத்தக் கூடாது. தூறலின்போது ஓடவிட்டால்தான் உப்பு ஓரத்திலேயே தள்ளி நிற்கும்.

குழாய் அடைத்துக்கொண்டால்

வேரும் நன்றாக இருந்து, ஈரமும் அளவாக இருந்து, செடி பச்சையாக இருக்கும்போதே ஓரிரு நாளில் முழுதாகத் துவண்டால், தண்டுக்குள் போகும் வழியில் அடைப்பு. தக்காளி, கத்தரியில் பாக்டீரியா வாடல் நோய் இப்படித்தான் வரும். கிருமிகள் சைலம் குழாய்க்குள் பெருகிக் கூழாக அடைத்துவிடுகின்றன.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டு, மூன்று அங்குலத் துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பால்போல் வெள்ளை இழை கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல்தான். இந்தச் செடியைக் காப்பாற்ற மருந்து இல்லை. வேரோடும் மண்ணோடும் எடுத்து வயலுக்கு வெளியே அழிக்க வேண்டும். இங்கேதான் பாய்ச்சல் பெரும் கேடு செய்யும்: வாய்க்கால் தண்ணீர் நோய்ச் செடியின் அடியிலிருந்து அடுத்த செடிக்குக் கிருமியைக் கொண்டுபோகும். அந்தப் பாத்திக்கு வாய்க்கால் பாசனத்தை நிறுத்துங்கள். அடுத்த பட்டத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை இல்லாமல் மக்காச்சோளம் அல்லது நெல் போடுங்கள்.

வெள்ளை இழை வராமல், அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, தண்டை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அது ஃபுசேரியம் பூஞ்சாணம். ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடுவது பரவாமல் தடுக்க உதவும். ஏற்கெனவே வாடிய செடி மீளாது. வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. பயறுச் செடியின் வேர்முடிச்சு விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது. வேப்பம்புண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோ இடுவதும், வரிசைகளுக்கு இடையே செண்டுமல்லி நடுவதும் நூற்புழுவைக் குறைக்கும்.

வயலில் நின்று முடிவெடுக்க

வாடலை மதியம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலை 6 மணிக்குப் போய்ப் பாருங்கள். இரவு முழுக்க இலைத்துளைகள் மூடியிருந்ததால், இழந்ததை ஈடுசெய்ய வேருக்கு நேரம் கிடைத்திருக்கும். காலையில் நிமிர்ந்து நின்று மதியம் மட்டும் துவண்டால், வேர் வேலை செய்கிறது, தேவைதான் அதிகம். பாசன இடைவெளியைக் குறைப்பதற்கு முன் மூடாக்குப் போட்டுப் பாருங்கள். காலையிலும் துவண்டே இருந்தால் தண்ணீர்ப் பற்றாக்குறையோ வேர், தண்டுக் கோளாறோ உறுதி.

காலையில் நெல், தக்காளி இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் முத்துபோல் நீர்த்துளிகள் வரிசையாக நிற்பதையும் கவனியுங்கள். பனி என்றால் இலை முழுக்கப் படிந்திருக்கும். நுனியில் மட்டும் நிற்பது, இரவில் வேர் தள்ளிவிட்ட தண்ணீர். இரவில் மட்டும் வேருக்கு அந்தச் சிறு தள்ளும் சக்தி உண்டு. அந்தத் துளிகள் இருந்தால் ஈரமும் போதும், வேரும் நலம். காற்று பலமாக இருந்த இரவுக்குப் பின் துளி தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

அடுத்து மண்வெட்டியை எடுங்கள். செடி எடுக்கும் தண்ணீரில் சுமார் 40 சதவீதம் வேர்ப்பகுதியின் மேல் கால் பங்கிலிருந்தே வருகிறது. எனவே, அரை அடி ஆழத்து மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிடியுங்கள். உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் பாய்ச்சுங்கள். உருண்டை பிடித்து, கையில் தட்டினால் உடையாமல் நின்றால் இன்று தேவையில்லை. அழுத்தும்போது விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் வடிகாலைப் பாருங்கள். கரிசல் மண்ணில் மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும். அது தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும் மண் என்பதால், கைக்கு ஈரமாகத் தெரியும்போதே செடிக்குக் கிடைப்பது குறைந்திருக்கும். அங்கே உருண்டை பிடித்தாலும் விரலால் நசுக்கினால் விண்டு போகிறது என்றால் பாய்ச்சும் நேரம் வந்துவிட்டது.

மண் காய்ந்திருந்தால் மாலையிலோ அதிகாலையிலோ பாய்ச்சுவது நல்லது. மும்முனை மின்சாரம் நாம் கேட்ட நேரத்தில் வருவதில்லை என்பது தெரியும். பகலில்தான் கிடைக்கும் என்றால் பகலிலேயே பாய்ச்சுங்கள். காயப்போடுவதைவிட அது மேல். ஆனால், தினமும் மேலோட்டமாக நனைக்காமல் வேர்ப்பகுதி முழுதும் நனையும்படி விட்டு, மண் சற்று உலர இடைவெளி கொடுங்கள். தினமும் மேலே நனைத்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். ஒரு நாள் மோட்டார் பழுதானாலும் பயிர் துவளும்.

காலையிலும் வாடி, மண்ணும் ஈரமாக இருந்து, டம்ளர் சோதனையிலும் வெள்ளை இழை வரவில்லை என்றால், முழுதாகக் காய்வதற்கு முன் ஒரு செடியை வேரோடு பக்கத்து மண்ணுடன் தோண்டி, வேர்ப்பகுதியைப் பையில் கட்டி, ஒரு பாட்டில் பாசனத் தண்ணீரோடு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். காய்ந்து சருகான செடியைக் கொண்டுவந்தால் காரணம் கண்டுபிடிப்பது கடினம். அதுவரை அந்தப் பாத்திக்கு மட்டும் வாய்க்காலை அடைத்து வையுங்கள்.